கொறங்காட்டுவலசில் எக்ஸ்பிரஸ் நின்ற செய்தி

அன்பும் கொஞ்சம் பழைய பயமுமாக, மச்சானுக்கு,

நம் ஊர்க்கூட்டம் போன ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் கூடி, பொழுது சாயும்வரை விவாதித்து, ஒரு வரலாற்றுத் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியிருக்கிறது. ரயிலில் போகிறவர்கள் இனிமேல் டிக்கெட் வாங்குவது என்பதே அந்தத் தீர்மானம். அதிலும் நம் ஸ்டேஷனில், நம் ஜன்னலில், கை நீட்டி வாங்குவது. எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. ஆதரித்துப் பேசியவர்கள்தான் நேரத்தை எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ அங்கே எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிரஸ் நம் ஸ்டேஷனில் நின்றது, மச்சான். உங்கள் எக்ஸ்பிரஸ்! என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இன்றைக்கு நேரம் நிறைய இருக்கிறது. இதை ஒரு பத்திரிகையில் அச்சிடுவதாகச் சொல்லியிருப்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் மற்றவர்களுக்காகத் திரும்பச் சொல்வேன். நீங்கள் ஒரே கதையை எத்தனை தரம் சொன்னாலும் நான் கேட்டுக்கொண்டிருந்ததை நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊத்துக்குளிக்கும் திருப்பூருக்கும் நடுவே, முள்வேலி போட்ட மேய்ச்சல் காடுகளுக்கு மத்தியில் இருக்கிறது எங்கள் கொறங்காட்டுவலசு ஸ்டேஷன். ஒரு பெயர்ப்பலகை, ஒரு வேப்பமரம், ஒரு சிமென்ட் பெஞ்சு, ஒரு அறை, அறைக்கு ஒரு ஜன்னல், எல்லாவற்றையும் சுற்றி ஒரு கம்பி வேலி. ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை. சிக்னல் இல்லை. குடிநீர் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில். கழிப்பறை வசதி நான்கு திசையிலும் பரந்து கிடக்கிறது. காலையில் திருப்பூர்ப் பக்கம் ஒரு பாசஞ்சர் போகும், பொழுதோடு ஒரு பாசஞ்சர் திரும்பி வரும். இரண்டும் ஒரு நிமிடம் நிற்கும். ரயில்வேயில் சம்பளம் வாங்குகிற ஒருவர்கூட இங்கே கிடையாது. டிக்கெட்டைக் கமிஷனுக்கு விற்க ஓர் ஏஜென்ட் மட்டும் உண்டு. அந்த ஏஜென்ட் என் அக்கா ருக்குமணியின் கணவர், அதாவது நீங்கள்.

இந்த ஸ்டேஷன் வந்த வரலாற்றை நீங்கள் மூன்று விதமாகச் சொல்வீர்கள். பெரிய மனிதர்கள் வந்தால், கரி இன்ஜின் தண்ணீர் பிடிக்க நின்ற இடம் என்பீர்கள். சொந்தக்காரர்கள் வந்தால், ரயில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையில் உங்கள் பாட்டன் நிலம் கொடுத்தார் என்பீர்கள். என்னிடம் மட்டும் மோர்க் கதை: இன்ஜின் பழுதாகி நின்ற அன்று இறங்கிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் நம்மூர் மோரைக் குடித்துவிட்டு, இந்த ஊரில் இனி எல்லா வண்டியும் நிற்கட்டும் என்று உத்தரவு போட்டார். மூன்றுக்கும் ஆதாரம் ஒன்றுதான். நீங்கள்.

முதலில் வெண்ணெய்க் கூடையும் பால் கேனும் ஏறின. பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பெருகப் பெருக, கேன் போய் டிபன் கேரியர் ஏறியது. அது உங்களுக்குப் போதவில்லை. காலைப் பாசஞ்சருக்கு முன்னால் தூசியைக் கிளப்பிக்கொண்டு போகும் எக்ஸ்பிரஸ் இங்கே நிற்க வேண்டும் என்று மனு மேல் மனு போட்டீர்கள். பரிசீலனையில் இருப்பதாக ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. அது நிற்கும் நாளில் வாசிக்க ஒரு வரவேற்புரையை மனப்பாடம் செய்து, வேலிக்கு அந்தப்புறம் மேய்ந்த ஆடுகளிடம் ஒத்திகை பார்த்தீர்கள். ஆடுகள் கடைசிவரை நின்று கேட்டன. அந்த மரியாதையை ரயில்வே உங்களுக்குக் கொடுத்ததில்லை.

போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இதே பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். பொழுதோடு வரும் வண்டி வருவதற்குள் போய்விட்டீர்கள். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

காரியங்கள் முடிந்தபின் ஏஜென்சியை அக்கா தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். ஜன்னல் திறந்த முதல் நாள் துவைத்த சேலை கட்டிக்கொண்டு, தேதி குத்தும் உங்கள் மெஷினைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஊரே வேப்பமரத்துக்குப் பின்னால் சுற்றிப் போய், வண்டியின் கடைசிப் பெட்டிகளில் ஏறியது. ஊர் ஓசியில் போனது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எல்லோரும் திருப்பூரில் சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான். அக்கா என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டாள். தம்பிக்கு டிக்கெட் விற்பதா என்று கேட்டாள்.

ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏன்டா, என்ற மூஞ்சில முழிச்சுட்டுப் போனா போற காரியம் ஆகாதுன்னு நெனைக்கறாங்களாட்ட இருக்குது."

"அதெல்லாம் இல்லக்கா."

"அப்பறம் ஏன்டா மரத்தைச் சுத்தறாங்க? அங்கென்ன சாமியா இருக்குது?"

ஊரில் விசாரித்தேன். முதல் வீட்டு நாச்சிமுத்தண்ணன் பதறிப்போனார். "ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க தம்பி. பாவம், ருக்குமணி துக்கத்துல இருக்கறப்ப சில்லறை நீட்டித் தொந்தரவு பண்றதுங்களா? மருவாதியா இருக்குமுங்களா?" அடுத்த வீட்டிலும் இதே பதில். அதற்கடுத்த வீட்டிலும் இதே பதில், இதே சொற்கள். இரண்டு பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் தற்செயல் என்று விடலாம். ஊரே சொன்னால் மனப்பாடம் செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

நம் ஊர்க்காரர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' போடுகிறவர்கள். அவர்களுடைய மரியாதை சாதாரணமானதில்லை. அது பத்து மாதத்தில் ஸ்டேஷனின் விற்பனையை ஏறக்குறையப் பூஜ்ஜியமாக்கியது. ஆடி முடிவதற்குள் ரயில்வேயிலிருந்து கடிதம் வந்துவிட்டது. கொறங்காட்டுவலசில் ஏறுவாரும் இறங்குவாரும் இல்லாததால் அங்கே வண்டி நிறுத்துவதைக் கைவிட உத்தேசித்திருப்பதாகவும், அதற்குமுன் அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார் என்றும் எழுதியிருந்தார்கள். அதிகாரி எக்ஸ்பிரசில் திருப்பூரில் இறங்கி, ஜீப்பில் மத்தியானம் வருவதாக ஏற்பாடு. மத்தியானத்தில் நம் ஸ்டேஷனில் யார் இருப்பார்கள்? உங்கள் வரவேற்புரையைக் கேட்டவை இருக்கும்.

அக்கா அழவில்லை. "வரட்டும். நான் பத்து மாசமாப் பாக்கறதத்தானே அவரும் பாக்கப் போறாரு" என்றாள். பிறகு உங்கள் மெஷினை மறுபடி துடைத்தாள். ஸ்டேஷன் போனால் அவளுக்குச் சோறு போய்விடாது, மச்சான். நான் இருக்கிறேன். ஆனால் ஊர் தன் கையால் வாங்காததால் ஸ்டேஷன் மூடியது என்ற பேச்சோடு அவள் மீதி வயதைக் கழிக்க வேண்டியிருக்கும். அதை யார் வந்து ரத்து செய்ய முடியும்?

இந்த இடத்தில் பழனிச்சாமி வருகிறார். ஊருக்கு மேற்கே சின்னதாகச் சாயப்பட்டறை வைத்திருக்கிறாரே, அவர்தான். அதிகாரி வருவதற்கு முந்தின நாள் அவருடைய டிரையர் படுத்துவிட்டது. வெளிநாட்டுக் கிறிஸ்துமஸ் ஆர்டர், அவசரம். "வேலியில காயப்போட்டுக்கட்டுங்களா, அக்கா?" என்று கேட்டிருக்கிறார். உங்கள் காலத்திலிருந்தே நடப்பதுதானே? வெள்ளை, சந்தனம், ஊதா என்று எத்தனை துணி அந்தக் கம்பியில் காய்ந்திருக்கிறது. அக்கா சரி என்றுவிட்டாள். என்ன நிறம் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

விடிந்ததும் வேலி நெடுக சிவப்பு. திருவிழாவுக்குப் பந்தல் போட்டது மாதிரி! காற்றுக்கு ஒரு முனை அவிழ்ந்து தண்டவாளத்தின் பக்கம் எழுந்து எழுந்து அடித்தது. வழக்கம்போல ஊர் ஜனம் மரத்தைச் சுற்றிப் போய்ப் பாசஞ்சருக்காக நின்றது. பாசஞ்சர் ஊத்துக்குளியில் ஒதுங்கி வழிவிட, எக்ஸ்பிரஸ் முன்னால் வந்தது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவேன்? உலகத்தில் இருக்கிற அத்தனை பாத்திரத்தையும் யாரோ சிமென்ட் தரையில் இழுத்தார்கள். வேப்பமரத்துக் காக்கைகள் ஒன்றுவிடாமல் போய்விட்டன. புகை, இரும்பு வாசனை, பிறகு ஒரு நிசப்தம். எக்ஸ்பிரஸ் நின்றது. பெயர்ப்பலகைக்கு நேராக ஏ.சி. பெட்டி நின்றது, மச்சான்! நீங்கள் பத்தாண்டுக் காலம் மனுவால் நிறுத்தப் பார்த்த வண்டியைப் பழனிச்சாமி பனியன் துணியால் நிறுத்திவிட்டார்.

டிரைவர் இறங்கி எந்தப் பாலம் உடைந்தது என்று கேட்டார். பழனிச்சாமி துணியைச் சுருட்டிக்கொண்டே, "பாலம் நல்லா இருக்குதுங்க. டிரையர்தான் போயிருச்சுங்க" என்றார். ஒரு பயணி பெட்டியோடு இறங்கிவிட்டார்.

"திருப்பூர் வந்துருச்சுங்களா?"

"இல்லீங்க. நாங்களும் அங்கதான் போகோணும்."

முன்பெட்டியிலிருந்து சஃபாரி உடையில் ஒருவர் இறங்கி, பெயர்ப்பலகையைப் படித்தார். கையிலிருந்த காகிதத்தைப் படித்தார். மறுபடி பலகையைப் படித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். அவர்தான் அதிகாரி. மத்தியானம் வந்து ஆள் இல்லாத ஸ்டேஷனைப் பார்க்க இருந்தவர், ஆள் நிறைந்த காலையில் வந்து இறங்கிவிட்டார்.

"யாருங்க இவங்கல்லாம்?"

"பாசஞ்சருக்குங்க" என்றார் நாச்சிமுத்தண்ணன்.

"தினமும் இவ்வளவு பேரா? டிக்கெட்டைக் காட்டுங்க."

ஊரே சட்டைப் பையிலிருந்தும் பர்சிலிருந்தும் சீசன் டிக்கெட்டை எடுத்து நீட்டியது. அதிகாரி வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார். "எல்லாம் திருப்பூர்ல வாங்கினது. இங்கதான் ஜன்னல் இருக்கே. அங்க ஒரு அம்மா உக்காந்திருக்காங்களே. ஏன் அவங்ககிட்ட வாங்கறதில்ல?"

மனப்பாட வாக்கியத்தை நாச்சிமுத்தண்ணன் ஆரம்பித்தார். "அதுங்க சார், பாவம், துக்கத்துல இருக்கறப்ப சில்லறை நீட்டித் தொந்தரவு..."

"அண்ணா." ஜன்னலுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை. "தொந்தரவுங்களா, சகுனமுங்களா? ரண்டுல ஒண்ணச் சொல்லிப்போடுங்க. சகுனம்னா இப்பவே ஜன்னலைச் சாத்திப்போட்டு ஊட்டுக்குப் போயர்றேன். சாருக்கும் எழுதற வேலை மிச்சம்."

பழனிச்சாமி கையில் பாதி சுருட்டிய சிவப்புத் துணியோடு அப்படியே நின்றார். எக்ஸ்பிரசின் ஜன்னல்களில் ஆயிரம் முகங்கள். அத்தனை பேருக்கு முன்னால் நம் ஊர் தலை குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஜெபமேரி தள்ளிக்கொண்டு வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். நம்மூரில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு திருப்பூரில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறாள். நேராக ஜன்னலுக்குப் போய்க் கையை நீட்டினாள்.

"எக்கா, எனக்கு ஒரு டிக்கெட் தாங்க. நான் வந்த அன்னைக்கே வாங்கணும்னுதான் நெனச்சேன். எல்லாரும் மரத்தச் சுத்திப் போகவும், இந்த ஊர்ல அப்படி ஒரு நேர்த்திக்கடன் போலுக்குன்னு நானும் சுத்திட்டேன்."

முதலில் சிரித்தது அக்காதான். பத்து மாதம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். பிறகு மெஷின் டக்கென்று ஒரு தேதியைக் குத்தியது.

அடுத்து நாச்சிமுத்தண்ணன் போனார். "எனக்கும் ஒண்ணு குடு கண்ணு. சீசன் இருக்குது, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது." அவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். திருப்பூர் என்று நினைத்து இறங்கிய பயணியும் வரிசையில் நின்றுவிட்டார். உங்களிடம்தான் எக்ஸ்பிரஸ் டிக்கெட் இருக்கிறதே என்று அதிகாரி கேட்டதற்கு, "இருக்கட்டும் சார், ஊர் நல்லா இருக்கு" என்றார்.

வரவேற்புரை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அக்கா டிக்கெட்டில் தேதி குத்திக்கொண்டே என்னைப் பார்த்து, "டேய், அவரு பேச்சு உனக்கு நெனப்பிருக்குதா? சொல்றா!" என்றாள். நான் பெஞ்சின்மேல் ஏறி, "பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய ரயில்வே பெருமக்களே, வெயிலிலும் மழையிலும்" என்றேன். கார்டு விசில் ஊதினார். முதல் வாக்கியம் முடிவதற்குள் எக்ஸ்பிரஸ் கிளம்பிவிட்டது. மீதியைப் பழைய ரசிகர்களுக்கே சொல்லி முடித்தேன்.

அதிகாரி பாசஞ்சர் வரும்வரை இருந்தார். அக்கா கொடுத்த மோரைக் குடித்தார். (ஆமாம், மோர்தான். இனி உங்கள் மூன்றாவது கதையைச் சந்தேகிக்க மாட்டேன்.) மூன்று மாதம் விற்பனையைப் பார்ப்பதாகவும், ஏறுகிற ஆள் கணக்கில் வந்தால் ஸ்டேஷன் இருக்கும், ஏஜென்சி அக்காவிடமே இருக்கும் என்றும் சொன்னார். பிறகு பழனிச்சாமியின் பக்கம் திரும்பி, இனி இந்த வேலியில் சிவப்பைப் பார்த்தால் கேஸ் போட்டு உள்ளே தள்ளிவிடுவதாக எச்சரித்தார்.

"சரிங்க. பச்சை போட்டுக்கலாங்களா?"

அதிகாரி பாசஞ்சரில் ஏறினார்.

அதன் விளைவுதான் நான் முதலில் சொன்ன தீர்மானம். சீசன் டிக்கெட் இன்னும் முடியாதவர்களும் அதை மறந்துவிட்டு அக்காவிடமே வாங்க வேண்டும் என்று ஒரு திருத்தம் வந்தது, ஏற்கப்பட்டது. வேப்பமரத்தைச் சுற்றிப் போகிறவர்கள் கோயிலுக்கு எண்ணெய் வாங்கித் தர வேண்டும் என்று இன்னொரு திருத்தம். அதுவும் ஏற்கப்பட்டது. பழனிச்சாமிக்குக் கண்டனம் தெரிவிப்பதா, நன்றி தெரிவிப்பதா என்பதில் கருத்து வேறுபாடு நிலவியதால் இரண்டையும் தெரிவித்தோம்.

தொந்தரவா, சகுனமா? அக்கா கேட்ட அந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை, மச்சான். அவர்களுக்கே தெரியுமா? இப்போது வந்து கையை நீட்டுகிறார்கள். அக்கா ஒவ்வொரு கையையும் ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட்டை வைக்கிறாள்.

இன்றைக்குத் தீர்மானம் அமலுக்கு வந்த முதல் நாள். நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! வரிசை ஜன்னலில் தொடங்கி, பெஞ்சைத் தாண்டி, வேப்பமரத்தைச் சுற்றி, வேலிக்கு வெளியே பால் சொசைட்டி வரைக்கும். அக்கா யாரையும் சும்மா அனுப்பவில்லை. பத்து மாதம் பேசாமல் சேர்த்து வைத்ததெல்லாம் இருக்கிறதே. "ஏனுங்க, பாப்பாவுக்குக் காய்ச்சல் தேவலைங்களா?" என்று ஒருவரிடம். "நாச்சிமுத்தண்ணா, எருமை கன்னு போட்டுருச்சாமா, சொல்லவே இல்ல?" என்று இன்னொருவரிடம். ஒவ்வொரு பதிலையும் முழுவதும் கேட்டுவிட்டுத்தான் மெஷினைக் குத்துகிறாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அது மரியாதையாக இருக்காதல்லவா?

என் முறை வந்தபோது காசை வாங்கிக்கொண்டாள். தம்பிக்கும் தீர்மானம் பொருந்தும் என்றாள். சேலை புதிது. நீங்கள் எடுத்துக் கொடுத்தது, மடிப்புக்கூடக் கலையாமல் பெட்டியில் இருந்தது.

திருப்பூரில் என் வேலை உங்களுக்குத் தெரியும். சரக்குத் தாமதமானதற்கு வருத்தம் தெரிவித்து வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது. இன்றைக்கு முதலாளிக்கும் ஒன்று எழுத வேண்டும். அதை இதற்கு அடுத்து எழுதிக்கொள்கிறேன்.

ஒரு வாக்கு கொடுக்கிறேன், மச்சான். எக்ஸ்பிரஸ் இங்கே துணி எதுவும் இல்லாமல், அட்டவணைப்படி நிற்கும் நாள் வரும். அன்றைக்கு இந்தப் பெஞ்சின்மேல் ஏறி, உங்கள் வரவேற்புரையைப் பெருமதிப்பிற்கும் என்பதில் தொடங்கி, நன்றி வணக்கம் வரைக்கும் ஒரு சொல் விடாமல் சொல்வேன். அதுவரை காலைதோறும் அக்காவின் ஜன்னலில் டிக்கெட் வாங்குவேன்.

இன்றைய டிக்கெட் சட்டைப் பையில் இருக்கிறது. வரிசை இன்னும் பால் சொசைட்டியிலிருந்து நகர்ந்துகொண்டிருக்கிறது. பாசஞ்சர் வந்து, ஒரு நிமிடம் நின்று, போய்விட்டது. அதில் வரிசையில் முதலாவதாக நின்ற ஜெபமேரி மட்டும் ஏறினாள்.

உங்கள் ருக்குமணியின் தம்பி,
உங்கள் மச்சினன்